த்ரில்லர் படங்களின் மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கல்லூரி மாணவர்களும் குறும்படம் எடுக்க முனைந்திருக்கும் இளைஞர்களுமாக இருபது முப்பது பேர் கூடி, மாதம் ஒரு படம் பார்த்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு உண்டு. த்ரில்லர் படம் திரையிடும் நாள்களில் பேச்சு முடிய வெகு நேரமாகும். கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான் திரும்ப வரும். அவற்றுக்குச் சொல்லி வந்த விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில பழைய படங்களின் திருப்பங்களைத் தொட்டுப் பேச வேண்டியிருந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

த்ரில்லர் என்று எதைச் சொல்கிறோம்? மர்மப் படம், துப்பறியும் படம், திகில் படம் ஆகியவற்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பார்ப்பவர் மனத்தில் எந்தக் கேள்வி ஓடுகிறது என்பதைக் கொண்டுதான் பிரிக்க முடியும். துப்பறியும் படத்தில் கேள்வி நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது: கொலையைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார்? த்ரில்லரில் கேள்வி இனி நடக்கப்போவதைப் பற்றியது: இவர் தப்புவாரா, உண்மை வெளிப்பட்டுவிடுமா, அந்தக் கதவு திறப்பதற்குள் இவர் வெளியேறிவிடுவாரா? திகில் படத்திலோ சட்டத்துக்கும் அறிவுக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்று வந்து நிற்கிறது.

1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு இறக்க, பிறகு ஒவ்வொருவர் வாய்மொழியாகவும் கதை பின்னோக்கி விரிகிறது. 2015-இல் வந்த ‘பாபநாசம்’ இரண்டாம் வகை. என்ன நடந்தது என்பது நமக்கு முன்பே தெரியும். அந்தக் குடும்பம் விசாரணையில் எந்த இடத்தில் சறுக்கிவிடுமோ என்பதுதான் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகிறது. ஒரே படத்தில் இந்த வகைகள் கலந்து வருவதும் உண்டு. சுவரொட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சஸ்பென்ஸ் என்பதும் திடுக்கிட வைப்பதும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற மரபுகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் ஒரு மேசையையும் அதன் அடியில் உள்ள வெடிகுண்டையும் வைத்து இதை விளக்கினார். இரண்டு பேர் மேசையருகே சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்; திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே வைக்கப்படுவதை முன்பே காட்டிவிட்டு, சுவரில் ஒரு கடிகாரத்தையும் காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடம் நம்மைத் தவிக்க வைக்கும். பேசுபவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து போங்கள் என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது.

தமிழில் இதை ஒரு முழுப் படமாகவே செய்து பார்த்தவர் வீணை எஸ். பாலசந்தர். ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய அவரே 1964-இல் ‘பொம்மை’ படத்தை எடுத்தார். குண்டு மறைத்து வைக்கப்பட்ட ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அது வெறும் விளையாட்டுப் பொருள், நமக்கோ அது எமன். கதைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ‘சாபடாஜ்’ என்ற 1936-ஆம் ஆண்டுப் படத்தில், தான் சுமப்பது குண்டு என்று அறியாத ஒரு சிறுவனைப் பேருந்தில் ஏற்றி, குண்டையும் வெடிக்க வைத்தார் ஹிட்ச்காக். பார்வையாளர்கள் சினந்தார்கள், அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவருக்கு ஏதாவது ஒரு விடுதலை தந்தாக வேண்டும் என்பது அங்கிருந்து எழுந்த பாடம்.

இந்த மரபெல்லாம் ஹாலிவுட்டிலிருந்து வந்தவைதாமே? நம்மிடம் இதற்கு வேர் உண்டா?

படக்கருவியும் படத்தொகுப்பும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் கேட்பவரைத் தவிக்க வைக்கும் கலை நமக்குப் புதிதன்று. அதுவும் இந்த ஊரில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு திரைக்கதையாக நினைத்துப் படித்துப் பாருங்கள்.

கோவலனுக்கு நேரப்போவது இன்னதென்று பதிகமே சொல்லிவிடுகிறது. ஆகவே, என்ன நடக்கும் என்ற மர்மம் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது தவிப்பு மட்டும். மதுரைக்குள் நுழையப்போகும் அந்த இருவரையும் நோக்கி மதில்மேல் பறக்கும் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பவைபோல அசைகின்றன என்கிறார் இளங்கோ. வையை பூக்களைப் போர்த்துக்கொண்டு தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். நாம் பார்க்கிறோம், அவர்கள் பார்க்கவில்லை.

அடுத்து பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பதும், வெளியூரிலிருந்து வந்த இந்தப் புதியவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அவன் கணக்குப் போடுவதும் கோவலன் எதிரே நிற்கும்போதே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகின்றன. கோவலனோ அவனை நம்பி, அவன் காட்டிய இடத்தில் காத்திருக்கிறான்.

கொலைக்களக் காதையின் கடைசிப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். காவலர்கள் வருகிறார்கள், கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். ஒரு கணம் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. உடனே பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி விளக்கத் தொடங்குகிறான். பேச்சு நீள்கிறது. காவலர்களும் தம் பங்குக்குப் பேசுகிறார்கள். எந்தப் பக்கம் சாயும் என்று நாம் காத்திருக்கும்போது, கல்வியறிவற்ற ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். நம்பிக்கை தருவது, தாமதப்படுத்துவது, எதிர்பாராத கையால் முடிப்பது என்று இன்றைய திரைக்கதைப் பட்டறைகளில் கற்றுத்தரும் மூன்றும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

வழக்குரை காதையில் சான்று வைக்கப்படும் முறையும் கவனிக்கத் தக்கது. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று கண்ணகி முதலில் சொல்கிறாள். தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியன் சொல்கிறான். அதன் பிறகே சிலம்பு உடைகிறது. எது வெளிப்பட்டால் யார் தோற்பார் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டதால், மாணிக்கம் தெறிக்கும் கணத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

த்ரில்லரில் பாட்டு இருக்கலாமா?

எங்கள் கூட்டத்தில் அதிகமாகச் சண்டை நடப்பது இந்தக் கேள்வியின்மேல்தான். பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுக்கப்பட்டது 1954-இல். அதை எடுத்தவர் தேர்ந்த வைணிகர் என்பதை எண்ணும்போது, இசை எங்கே வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் இசையறிவின் ஒரு பகுதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1995-இல் ‘குருதிப்புனல்’, 2019-இல் ஒரே இரவில் நடக்கும் ‘கைதி’ ஆகியவையும் பாட்டின்றியே வந்தன.

துரத்திக்கொண்டிருக்கும் கதை நின்று, நாயகனும் நாயகியும் பனிமலையில் ஆடிவிட்டு வந்தால், அதுவரை சேர்த்து வைத்த இறுக்கம் முழுவதும் வடிந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் பாட்டைக் கதையின் உறுப்பாக்கிவிட முடியும். 1966-இல் வந்த ‘யார் நீ’ படத்தில் மர்மப் பெண்ணின் பாட்டு மீண்டும் மீண்டும் ஒலித்து, நாயகனையும் நம்மையும் ஒருசேர இழுக்கும் தூண்டிலாகவே ஆகிவிடுகிறது. நான் வைக்கும் சோதனை எளியது: அந்தப் பாட்டு முடியும்போது யாருக்காவது புதிதாக ஒன்று தெரிந்திருக்கிறதா, அல்லது யாரிடமிருந்தாவது ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் வெட்டிவிடலாம்.

இடைவேளை த்ரில்லருக்குக் கேடா, நன்மையா?

இடைவேளை நம் திரைக்கதையின் சொந்த மரபு. வெளிநாட்டுப் படத்தில் அது எழுதப்படுவதில்லை. அதனால்தான் அத்தகைய படத்தை நம் திரையரங்கில் பார்க்கும்போது ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் விளக்கு எரிகிறது. நம் எழுத்தாளர்களோ படத்துக்கு இரண்டு உச்சங்களை வைக்கிறார்கள்: ஒன்று இறுதியில், மற்றொன்று இடைவேளையில். நல்ல இடைவேளை, கேள்வியையே மாற்றிவிடும். ‘கொலையாளி யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர் தேநீர்க் கோப்பையுடன் நிற்கும்போது ‘அடுத்தது யார்’ என்று கேட்க வேண்டும்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் ஒரே புரொஜெக்டரை வைத்துக்கொண்டு ரீல் மாற்ற மாற்ற மூன்று நான்கு இடைவேளை விட்ட காலத்தை என் தலைமுறை பார்த்திருக்கிறது. மணல் குவித்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு இடைவேளையிலும் கொலைகாரனை மாற்றி மாற்றித் தீர்ப்புச் சொல்வார்கள். இரண்டாம் ஆட்டம் முடிந்து கண்மாய்க் கரையில் நடந்து வீடு திரும்பும்போது, பனை ஓலை உரசும் சத்தத்துக்கே ஓட்டமெடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் படத்தின் கதை மறந்துபோனது. ஓலைச் சத்தம் மறக்கவில்லை.

ட்விஸ்ட் எப்போது நியாயமாகும்? எல்லாரும் எதிர்பாராததைக் காட்டிவிட்டால் போதாதா?

போதாது. யாரும் எதிர்பாராததை யார் வேண்டுமானாலும் எழுதலாம்; கடைசிக் காட்சியில் முன்பின் காட்டப்படாத ஓர் அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ஆயிற்று. திருப்பம் நியாயமாக இருக்க வேண்டுமானால், அதற்கான தடயம் நம் கண்முன்னே இருந்திருக்க வேண்டும். நாம் அதை வேறு பொருளில் பார்த்திருக்க வேண்டும். படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வரக் கூடாது. கவனிக்காமல் விட்டோமே என்ற எண்ணம் வர வேண்டும்.

தடயத்தை மறைக்கச் சிறந்த இடம், வேறொரு பயன் கொண்ட காட்சி. ஒருவர் இடது கையால் எழுதுகிறார் என்பது பிறகு முக்கியமாகப் போகிறதென்றால், அதைத் தனி க்ளோஸ்-அப்பில் காட்டினால் கடைசி வரிசைக்கும் புரிந்துவிடும். அவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், இடது கையால் மொய் நோட்டில் பெயர் எழுதுகிறார், அதே நேரம் பக்கத்தில் இருப்பவர் மொய்த் தொகை குறைந்துவிட்டதென்று சண்டைக்கு வருகிறார் என்று எழுதிப் பாருங்கள். நாம் சண்டையைப் பார்ப்போம். கையும் கண்ணில் பட்டிருக்கும்.

நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகவே ஃபிளாஷ்பேக்கில் காட்டிவிட்டு, பிறகு அது பொய் என்று சொல்வதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பாத்திரம் பொய் சொல்லலாம். படமே பொய் சொன்னால் அடுத்த காட்சியை யாரும் நம்பமாட்டார்கள். ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதுதான் திரையில் ஓடுகிறது என்பதை முதலிலேயே உணர்த்திவிட்டால் அந்தக் குற்றம் நீங்கிவிடும்.

மரபை உடைப்பதும் ஒரு திருப்பமே. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-இல் செய்தது அதுதான்: பெயர் பெற்ற நடிகை ஏற்ற முதன்மைப் பாத்திரம் பாதிப் படத்துக்கு முன்பே கொல்லப்படுகிறது. அதுவரை யாரைப் பின்தொடர்ந்தோமோ அவரே இல்லையென்றால், இனி யாருக்கும் பாதுகாப்பில்லை என்ற எண்ணம் மீதிப் படம் முழுவதும் கூடவே வருகிறது.

பின்னணி இசை எவ்வளவு இருக்க வேண்டும்?

குறைவாக. இன்று பல படங்களில் கதவைத் திறந்தாலே பறை, ட்ரம்ஸ் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. ஆபத்து வருமுன் இசை வந்து சொல்லிவிடுகிறது. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியை இசையே இல்லாமல் விடத்தான் ஹிட்ச்காக் முதலில் எண்ணினார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்துக் காட்டிய கீச்சொலியைக் கேட்ட பிறகே மனம் மாறினார். மூன்றாண்டு கழித்து ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசையையே விட்டுவிட்டார். இரண்டும் சரியாக அமைந்தன, ஏனென்றால் இரண்டிலும் காட்சிக்கு எது தேவை என்று தனித்தனியே யோசித்திருந்தார்கள்.

கொலையைத் திரையில் காட்டித்தான் ஆக வேண்டுமா?

ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ என்ற ஜெர்மானியப் படத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு தாய் மகளுக்காகச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பெயர் சொல்லி அழைக்கிறாள். வெறும் மாடிப்படி, காலியான தட்டு. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கப்பட்ட பலூன் தந்திக் கம்பியில் சிக்கிப் படபடக்கிறது. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆயினும் அந்தப் பந்தை மறப்பது கடினம். கொலையாளி விசிலடிக்கும் ஒரு மெட்டைக் கண் தெரியாத பலூன் விற்பவர் அடையாளம் கண்டுகொள்வதுதான் கதையைத் திருப்புகிறது.

கதையில் கடிகாரம் வேண்டும் என்கிறார்கள். அது என்ன?

இந்த நேரத்துக்குள் முடியாவிட்டால் எல்லாம் போயிற்று என்ற கெடுவைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெடிகுண்டில் சிவப்பு எண்கள் ஓடுவது அதன் மிகத் தேய்ந்த வடிவம். நம் வாழ்க்கையிலேயே கடிகாரங்கள் நிறைய உள்ளன. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. அதுவே ஒரு நல்ல த்ரில்லரின் முழு நீளம்.

எங்கள் மாணவர் ஒருவர் கொண்டுவந்த யோசனை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. வைகை அணையின் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றில் நீர் பெருகினால் யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள். அந்தப் பாலத்தின் அடியில் ஒருவர் ஒரு பொருளை மறைத்து வைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறார். பேருந்தின் வானொலியில் முதல் எச்சரிக்கை ஒலிக்கிறது. வில்லனே தேவையில்லாத கதை அது. மூன்று எச்சரிக்கைகளும் மூன்று படிகளாகக் காத்திருக்கின்றன.

மதுரையில் த்ரில்லர் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அரிவாளைக் கீழே வையுங்கள் என்று சொல்வேன். மதுரை என்றால் அரிவாளும் வெள்ளை வேட்டியும் சீறிப் பாயும் காரும்தான் என்று பல படங்கள் பழக்கிவிட்டன. வெட்டுவார்கள் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்ட ஊரில் பதற்றத்துக்கு இடமேது? இந்த ஊரின் இரவை வேறு விதமாகப் பார்த்தவர் மாங்குடி மருதனார். மதுரைக் காஞ்சியில் நள்ளிரவில் நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு இருளோடு இருளாகக் கள்வர்கள் நிற்கிறார்கள். களிறு தேடும் புலியைப் போல ஊர்காவலர் அவர்களைத் தேடுகிறார்கள். இரு தரப்பும் ஓசையின்றி ஒருவரையொருவர் தேடும் இரவு அது.

இரண்டாவது, ஊரின் அமைப்பு. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன. துரத்தப்படுபவர் மாசி வீதியில் நேராக ஓடினால், குறுக்குச் சந்து தெரிந்தவர் நடந்தே போய் முன்னால் நிற்கலாம். விளக்குத்தூண் அருகே, துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே, சந்தின் வாயில் ஒருவர் அவசரமின்றிக் காத்திருப்பதை முதலில் காட்டிவிட்டு, பிறகு ஓடி வருபவரைக் காட்டுங்கள். ஹிட்ச்காக்கின் மேசையும் குண்டும் அங்கே வந்துவிடும். இதற்குப் பார்ப்பவர் மனத்தில் வரைபடம் தெளிவாக இருக்க வேண்டும். கீழ மாசி வீதியில் திரும்புபவர் அடுத்த ஷாட்டில் திருப்பரங்குன்றத்தில் ஓடினால் உள்ளூர்க்காரர் சிரித்துவிடுவார். வெளியூர்க்காரருக்குக் காரணம் புரியாது. ஆனால் ஓடுபவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, ஆகவே அவரும் பதறமாட்டார்.

நாயகன் காவல்துறை அதிகாரியாகத்தான் இருக்க வேண்டுமா?

தேவையில்லை. துப்பாக்கியும் அதிகாரமும் இல்லாத ஒருவர் மாட்டிக்கொள்வதே எனக்கு வலுவாகப் படுகிறது. பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுபவர், இரவுப் பணி செவிலியர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என்று யாராகவும் இருக்கலாம். அவருடைய தொழில் அவருக்குக் கற்றுத்தந்த ஏதோ ஒரு நுட்பம் கடைசியில் அவரைக் காப்பாற்றினால் போதும்.

பார்த்த படத்தின் முடிவைப் பிறரிடம் சொல்லலாமா?

வேண்டாம். 1955-இல் வந்த ‘லே தியாபோலிக்’ என்ற பிரெஞ்சுப் படம், முடிவை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டே முடிந்தது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ‘சைக்கோ’வுக்காக ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார். எங்கள் திரையிடலிலும் ஒரு விதி உண்டு. படத்தை முன்பே பார்த்தவர்கள் கடைசி வரிசையில் உட்கார வேண்டும்; இடைவேளையில் எழுந்து முன்வரிசைக்காரர்களிடம் பேசக் கூடாது; அவர்களுக்கான தேநீர் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.